வினாடிக்கு எத்தனை படம்?

பழைய மௌனப் படங்களை இன்று பார்ப்பவர்கள், அவற்றில் வரும் மனிதர்கள் குடுகுடுவென்று நடப்பதைக் கண்டு சிரிப்பதுண்டு. அம்மனிதர்கள் அப்படி நடந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் வினாடிக்கு 16 முதல் 18 படம் வீதம் எடுக்கப்பட்ட சுருளை, பேசும் படங்களுக்கென ஏற்பட்ட 24 படம் வீதத்தில் ஓட்டுவதால் வரும் வினை இது. காலத்தை வினாடியால் அளக்காமல் படங்களால் அளந்தால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதே பாடத்தைக் கன்சோல் எனப்படும் வீடியோ விளையாட்டுக் கருவிகளும் பலமுறை படிக்க வேண்டியிருந்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மின்சாரம் வகுத்த வேகம்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடித் திரையில் படத்தைத் தீட்டும். இது வினாடிக்கு எத்தனை முறை நிகழ வேண்டும் என்பதை, அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டியே வகுத்தனர். அமெரிக்காவில் அது ஏறத்தாழ 60, ஐரோப்பாவில் 50. ஜப்பான் அமெரிக்க முறையைப் பின்பற்றியது.

1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு முழுப் படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமில்லை. கற்றை ஓட ஓட, ஒவ்வொரு வரிக்கும் வேண்டியதை நிரல் அவ்வப்போதே கொடுக்க வேண்டும். ஆகவே கற்றை ஒருமுறை திரையைக் கடப்பதே அக்கருவிக்குக் கடிகாரத்தின் ஒரு 'டிக்' ஆயிற்று. 'ஒரு படத்துக்கு இத்தனை புள்ளி நகர்த்து' என்று நிரல் எழுதும் வழக்கம் நிலைத்தது.

1978இல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு வேடிக்கையான சான்று. காசு போட்டு ஆடும் அந்தப் பெட்டி, 55 எதிரிகளில் படத்துக்கு ஒருவர் வீதமே நகர்த்தியது. எதிரிகள் குறையக் குறைய, எஞ்சியவர்களின் முறை விரைவில் வந்தது, அவர்கள் வேகமெடுத்தனர். பொறியின் வரம்பால் வந்த இவ்விளைவே ஆட்டத்தின் சுவையாக அமைந்துவிட்டது.

ஐரோப்பியச் சிறுவர்களுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 60 படத்துக்கென எழுதிய நிரலை 50 படம் காட்டும் பெட்டியில் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஒரு நிமிட ஓட்டம் 72 வினாடி எடுக்கும். வேகத்துக்கே பெயர்பெற்ற 'சோனிக்' விளையாட்டு 1991இல் வெளியானபோது, ஐரோப்பாவில் அதன் ஓட்டமும் தளர்ந்தது, இசையும் தளர்ந்தது. அதையே இயல்பான வேகம் என்று எண்ணி வளர்ந்தவர் பலர்.

கட்டைவிரலின் இடர்ப்பாடு

1996இல் நிண்டெண்டோ 64 கருவி, கட்டைவிரலால் எத்திசையிலும் தள்ளக்கூடிய ஒரு சிறு குச்சியைக் கொண்டு வந்தது. மறு ஆண்டே சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷனுக்கு இரு குச்சிகள் கொண்ட கைக்கருவியை வெளியிட்டது. குறிபார்த்துச் சுடும் ஆட்டங்களில் இக்குச்சிக்கும் கணினியின் மவுசுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மவுசில், கை நகர்ந்த தூரம் பார்வை திரும்பும் கோணமாகிறது. குச்சியிலோ, அதன் சாய்வு கோணத்தை அன்று, கோணத் திசைவேகத்தையே தீர்மானிக்கிறது. சரியான கணத்தில் குச்சியை விட்டாலொழியக் குறி நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மீட்டர் அகலமுள்ள ஓர் உருவம் 20 மீட்டர் தொலைவில் நின்றால், அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் சுமார் 1.4 பாகை. குச்சி வினாடிக்கு 180 பாகை திருப்புகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பார்வை 6 பாகை தாவிவிடும். 60 படம் என்றாலும் 3 பாகை. இலக்கு இரு படங்களுக்கு நடுவே காணாமற் போய்விடும்!

இதை ஈடுசெய்யப் பிறந்ததே 'எய்ம் அசிஸ்ட்' எனப்படும் குறி உதவி. 1997இல் வந்த 'கோல்டன்ஐ 007' விளையாட்டில் தானாகக் குறிபார்க்கும் வசதி இருந்தது. 2001இல் எக்ஸ்பாக்ஸ் கருவியோடு வந்த 'ஹேலோ', வினாடிக்கு 30 படம் காட்டியபோதிலும், இவ்வுதவியால் கைக்கு இணக்கமாக அமைந்து பெரும் வெற்றி கண்டது. உதவி மூன்று வகைப்படும்: இலக்கின்மேல் வந்ததும் திருப்பம் மெதுவாதல், இலக்கு நகர்ந்தால் குறியும் உடன் நகர்தல், சற்றே விலகிய குண்டும் இலக்கை நோக்கி வளைதல்.

பழைய பாடம், புதிய கருவி

2020 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவை, ஏற்ற விளையாட்டுகளில் வினாடிக்கு 120 படம் வரை காட்ட வல்லவை. ஒரு படத்துக்கான நேரம் 33 மில்லி வினாடியிலிருந்து 8 மில்லி வினாடியாகச் சுருங்கியது. இங்கேதான் பழைய பிழை மீண்டும் தலைகாட்ட இடமுண்டு.

'குறிக்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு படத்துக்கும் 10 விழுக்காட்டைக் குறை' என்று ஒரு நிரல் சொல்வதாகக் கொள்வோம். ஏறக்குறைய 7 படங்களில் இடைவெளி பாதியாகும். 30 படம் வீதத்தில் இதற்கு 0.23 வினாடி ஆகும். மனிதன் கண்ணால் கண்டு கையை அசைக்கவும் சுமார் 0.2 வினாடி ஆகிறது. எனவே இது மனிதனுக்கு இணையான துணை. அதே நிரல் 120 படம் வீதத்தில் 0.06 வினாடியில் வேலையை முடித்துவிடும். துணையாக இருந்தது, ஆடுபவரின் இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

இது வெறும் கற்பனை அன்று. 2014இல் வந்த 'டார்க் சோல்ஸ் 2' விளையாட்டில், 60 படம் வீதத்தில் ஓடிய கணினிகளில் வீரனின் ஆயுதங்கள் இரு மடங்கு விரைவாகத் தேய்ந்தன. 2015இல்தான் இக்குறை திருத்தப்பட்டது.

பரிகாரம் எளியது. ஒவ்வொரு படத்துக்கும் உண்மையில் எத்தனை நேரம் கழிந்தது என்று அளந்து, மாற்றத்தை அந்நேரத்துக்கு ஏற்பக் கணக்கிட வேண்டும். நேர்கோட்டு இயக்கத்துக்குப் பெருக்கினாலே போதும். மேற்கண்ட 10 விழுக்காட்டுக்கோ, நான்கால் வகுத்து 2.5 என்று கொள்வது சரியாகாது; 0.9இன் நான்காம் மூலம் கண்டால் படத்துக்கு 2.6 விழுக்காடு என வரும். மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம்.

2018 செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தில் பிளேஸ்டேஷன்காரர்களும் மற்றக் கருவிக்காரர்களும் ஒரே களத்தில் மோத வழி திறந்தது. அது முதல் குச்சிக்கும் மவுசுக்கும் இடையே நியாயம் பற்றிய வழக்கு ஓயவில்லை. கருவியின் குறையை ஈடுசெய்யும் அளவுக்கு உதவி தருவதில் தவறில்லை. ஆனால் அந்த உதவி எல்லாப் பட வீதங்களிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையேல், விலையுயர்ந்த திரை வாங்கியவனுக்குத் தெளிவான படத்தோடு கூடுதல் திறமையும் இனாமாகக் கிடைத்துவிடும். நம் சமன்பாடுகளில் காலத்தைக் குறிக்கும் எழுத்துக்குப் பக்கத்தில் 'வினாடி' என்று அலகு எழுதச் சொல்வது வெறும் மதிப்பெண்ணுக்காக அன்று.