பராமரிப்பாளர் என்றொரு பலர்பால்

எங்கள் பெரியம்மா மகளிடம் மஞ்சள் துணிப்பை ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் கல்யாணத்துக்குத் துணி எடுத்தபோது கொடுத்தது. அதற்குள் அக்காவுடைய மகனின் முப்பது வருடம் இருக்கிறது: சான்றிதழ்கள், நகல்கள், நகல்களின் நகல்கள். அரசு இத்தகைய பிள்ளைகளின் குடும்பங்களை எப்படியெல்லாம் பார்த்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணக்காப்பகம் எனக்குத் தெரியாது.

முதல் சான்றிதழில் அவன் 'மனவளர்ச்சி குன்றியவர்'. அவனுக்கு இருப்பது ஆட்டிசம். ஆனால் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே ஏற்றது. அந்த ஏழில் ஆட்டிசம் இல்லை. இல்லாத ஒன்றுக்கு எப்படிச் சான்று தருவது? இருக்கிற பெட்டியில் பிள்ளையைப் போட்டார்கள். அந்தச் சொல்லை ஏற்காவிட்டால் பேருந்துச் சலுகைகூடக் கிடையாது என்பதால் அக்காவும் வாங்கிக்கொண்டாள்.

1999 இந்த வரலாற்றில் வினோதமான வருடம். பிப்ரவரியில் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன எழுத்தாளரிடம் தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்துக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய். 'பிறகு' என்பது அவர் இறந்த பிறகு என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பேற்காதபோது என்றும் பொருள்படும் என்றது நீதிமன்றம். ஒரு சொல்லின் உரை மாறியதே தவிர, சட்டத்தில் வரி மாறவில்லை. தமிழ் படித்தவர்களுக்கு உரையாசிரியர்களின் வலிமை புதிதல்ல.

அதே டிசம்பரில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம் முதன்முறையாகச் சட்டத்தில் இடம்பெற்றது. பதினெட்டு வயதைக் கடந்த மகனுக்குச் சட்டக் காப்பாளரை நியமிக்கும்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பெற்றோர் எவரும் விண்ணப்பிக்கலாம். தாய் அங்கே யாருக்கும் 'பிறகு' இல்லை. பதினெட்டு வருடம் சோறூட்டியவள் அதற்குப் பின்னும் ஊட்டப்போகிறாள் என்பதற்கு ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழக அரசு ஆணைகள் ஆட்டிசத்துக்குத் தந்த பெயர் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. மழை வருமுன்னே மாடியில் துணி காய்வதைக் கைகாட்டிச் சொல்கிறவனைப் பற்றி இப்படி எழுத யாருக்கு மனம் வந்தது என்று தெரியவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கியது. அதில் எனக்கு முக்கியம் 'பராமரிப்பாளர்' என்பதற்கான வரையறை: பெற்றோர் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்ளும் எவரும். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரத் திட்டம் வகுக்கலாம் என்றும் அது சொல்கிறது, அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு. நல்ல வரையறைதான். ஆனால் 'ர்' விகுதி பலர்பால். அதற்குள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. எங்கள் தெருவில், சிகிச்சை மையத்தின் வராந்தாவில், வரிசையில், நான் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்பால்.

தமிழகத்தில் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயாக இருந்து 2,000 ஆகியிருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்த அக்கா மகனுக்கு நான்கு வயதானபோது வேலையை விட்டாள். வருமான வரியில் 75,000 ரூபாய், கடும் குறைபாடென்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. வரி கட்டுகிறவருக்குத்தான். வேலையை விட்டவளுக்கு வரியும் இல்லை, கழிவும் இல்லை. அது அத்தான் கணக்கில் சேர்ந்தது.

வேலையை விடாதவர்கள் கதை வேறு. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இமாச்சலப் பிரதேசம் அதை ஏற்கவில்லை. அபூர்வ மரபணு நோயுள்ள மகனுக்காக இருந்த விடுப்பையெல்லாம் தீர்த்துவிட்ட அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகையன்று, அரசியலமைப்புச் சார்ந்த உரிமை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. நானும் கல்லூரியில் பணிபுரிகிறவள். அந்தத் தீர்ப்பை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பவே வந்திருந்தா இப்ப நான் தலைமை ஆசிரியை ஆயிருப்பேன்டி" என்றாள், வெங்காயம் உரித்தபடி.

போன மாதம் உதவித்தொகைக்கான வாழ்நாள் சான்றுக்கு அவளோடு போயிருந்தேன். படிவத்தில் பராமரிப்பாளரின் தொழில் என்றொரு கட்டம். "இல்லத்தரசின்னு போடுங்கம்மா" என்றார் எழுத்தர். அக்கா பேனாவை மூடிவிட்டு, "வரிசையில இன்னும் நேரமிருக்கில்ல?" என்று கேட்டாள்.