"பிள்ளைக்கு என்ன வருத்தம், டொக்டர்?"

நோயாளியின் திருப்தியை ஆய்வு செய்யலாமா? 1968இல் பார்பரா கோர்ஷ் என்ற குழந்தை வைத்தியர் தனது ஆய்வை வெளியிட்டார். லொஸ் ஏஞ்சல்ஸ் சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியரும் தாயும் பேசியதை 800 தடவைகள் ஒலிப்பதிவு செய்து, பிறகு தாய்மாரிடமும் அவரது குழு விசாரித்தது.

பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றவர்கள் ஐந்தில் ஒருவரளவில். அது ஏன் வந்தது என்று விளங்காமலே போனவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். அதிக நேரம் பார்த்ததால் திருப்தி கூடவுமில்லை. தாயின் கவலையை வைத்தியர் காது கொடுத்துக் கேட்டாரா என்பதே முக்கியமாக இருந்தது. திருப்தியடைந்த தாய்மாரே வைத்தியர் சொன்னபடி அதிகம் நடந்தார்கள்.

உறவுகளே, நமது கிளினிக்குகளில் நெரிசல்தான். ஆனாலும் மருந்துத் துண்டோடு எழும்பும் முன், மேலேயுள்ள கேள்வியை நாமே கேட்போம். அது மரியாதைக் குறைவல்ல. பிள்ளையின் சுகத்துக்கான பாதி மருந்து.