ஊவாவின் ஊர்களும் ஏடுகளும்

ஆங்கில நாட்டில் ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு வேண்டிய சான்றுகள் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. 1086 ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் எடுப்பித்த நிலக்கணக்கில் ஊரின் ஏர்களும் ஆலைகளும் எண்ணப்பட்டுள்ளன. 1538 முதல், ஒவ்வொரு கோவிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிந்துவருதல் வேண்டும் என்பது அரச கட்டளை. ஆதலால் நிலமற்ற உழவனும், பிறந்தான், மணந்தான், மறைந்தான் என்ற அளவிலாவது வரலாற்றில் இடம்பெற்றுவிடுகின்றான். நமது பதுளைப் பகுதி ஊர்களுக்கு அத்தகைய வரலாறு எழுதலாகுமா?

பழமைக்கு இங்கே குறைவில்லை. பதுளைத் தூண் கல்வெட்டு எனப்படும் பத்தாம் நூற்றாண்டுச் சாசனம் சொரபொரக் குளத்தருகே கண்டெடுக்கப்பட்டது. ஹோபிடிகம என்னும் சந்தையூரின் வணிகரும் குடிகளும், மகியங்கனைக்கு வழிபட வந்த மன்னனிடம், முன்னிருந்த விதிகளை அதிகாரிகள் மீறுகின்றனர் என முறையிட்டனர். மன்னன் செவிசாய்த்து, சந்தை ஒழுங்குகளைக் கல்லிலே பொறிப்பித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எளிய குடிகளின் முறைப்பாடு ஒன்று எழுத்தேறியது இம்மண்ணில்தான் என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

பின்வந்த நூற்றாண்டுகளைக் கடந்து 1818 க்கு வருவோம். முந்திய ஆண்டில் மூண்ட ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊர்கள் எரியுண்டன. கால்நடையும் விளைவும் அழிந்தன. கெப்பெட்டிப்பொல திசாவை நவம்பர் 26 இல் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதனினும் ஆழமான காயத்தை ஏற்படுத்தியது 1840 ஆம் ஆண்டுச் சட்டம் என்பது என் எண்ணம். உரிமையை நிலைநாட்டாதவிடத்து, காடும் தரிசும் சேனையும் முடிக்குரியன என்றது அச்சட்டம். பாட்டன் காலந்தொட்டுச் சேனை வெட்டிய சிங்களக் குடியானவனிடம் உறுதி ஏது? காகிதம் இல்லை; ஆகவே காணியும் இல்லை என்றாயிற்று.

அவ்வாறு முடிக்குரியதாகி விற்கப்பட்ட மலைகளிலே கோப்பி எழுந்தது. கங்காணிமாரின் பின்னே தமிழகத்திலிருந்து வந்தோர் காடழித்தனர், பாதை வெட்டினர். 1869 இல் மடுல்சீமையிலே கோப்பி இலையில் முதன்முதல் காணப்பட்ட செந்நிறப் பூஞ்சணம் அப்பயிரையே அழித்துவிட்டது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. 1890 இல் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையைத் தோமஸ் லிப்டன் வாங்கினார். 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டியது. இவையெல்லாம் பாடநூலிற் காணலாம்.

காணவியலாதது, வேலை செய்தோரின் பெயர். பதுளைப் புனித மார்க்கு ஆலயம், 1845 இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவாகக் கட்டப்பெற்றது. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 க்கு மேற்பட்டவை என்பதுங்கூட இன்றளவும் சொல்லப்பட்டு வருகின்றது! அதே காலத்தில் வழியிலே காய்ச்சலிலும் பேதியிலும் மாண்ட தமிழரின் தொகையை அவ்வாறு திட்டமாகச் சொல்வார் இல்லை. லயத்து மனிதரின் பெயர் நாள்தோறும் ஏறிய ஏடு செக்ரோல் ஒன்றே. அதுவும் பெரட்டுக்கு வந்தவரின் பெயர். கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. கிழவியும் கைக்குழந்தையும் அதில் இல்லை.

இக்குறையின் விலை சுதந்திரத்தின் பின்னரே தெரிந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பையோ, தந்தையும் பாட்டனும் இந்நாட்டிற் பிறந்ததையோ காட்டக் கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம், 1946 க்கு முன் இடையறாது வசித்ததற்குச் சான்று கேட்டது. மணமானவர்க்கு 7 ஆண்டு, ஏனையோர்க்கு 10 ஆண்டு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1840 இல் சிங்கள ஊரவனைக் கேட்ட அதே கேள்வி, நூறாண்டின் பின் அவனுக்கு அயலில் வாழ்ந்த தமிழனிடம் கேட்கப்பட்டது. முன்னவன் இழந்தது காணி. பின்னவன் இழந்தது நாடு. இருவரையும் பகைவராக எண்ணிப் பழகியோர் இவ்வொப்புமையைச் சற்றே சிந்திப்பார்களாக.

1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைத் தொகையிட்டுப் பிரித்தது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவராயினர்; எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. 2003 ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோர்க்கு எளிதில் உரிமை பெற வழிசெய்தது. எனினும் 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணின் கீழ் இருந்தோர் எத்தனை பேர் என்பதற்கு முதல் நாட்களில் ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் சொல்லவில்லை.

நான் பணியாற்றிய மலைப் பாடசாலை ஒன்றிலே பழைய சேர்விடாப்பு ஒன்று இருந்தது. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. ஒருநாள் முதியவர் ஒருவர் வந்து, தம் பெயரைத் தேடித் தருமாறு கேட்டார். அரை நாள் தேடினோம். பெயர் இருந்தது, தகப்பன் பெயரும் இருந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயருக்குப் பதிலாக லயத்தின் இலக்கம் மட்டுமே எழுதியிருந்தது. அவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். “அந்த லயம் இப்போது இல்லை ஐயா” என்றார்.