நடுகல்லின் முன் மீண்டவர்: காரியாபட்டி வட்டாரப் படைவீரர் வரலாற்றெழுதியலை முன்வைத்து

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் கண்மாயையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி வாழும் வறண்ட நிலப்பகுதிகளாகும். 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதியில், மழை பொய்த்த காலங்களில் குடும்பங்களைத் தாங்கிய பணிகளுள் படைப்பணியும் ஒன்று. போர் வரலாறு பெரும்பாலும் வென்றவரையும் மடிந்தவரையுமே பதிவு செய்கிறது. உடன் சென்றோரை இழந்து ஊர் திரும்பியவரின் குற்றவுணர்வை வரலாற்றுப் பொருளாகக் கொள்ளத் தமிழ் மரபிலேயே அடிப்படை உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கருத்தாக்கமும் அதன் எல்லையும்

பிறர் மடியத் தாம் பிழைத்ததையே குற்றமாக உணரும் நிலையை, நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டோரிடம் கண்டு 1960களில் விளக்கியவர் உளமருத்துவர் வில்லியம் நீடர்லாண்ட். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட கையேட்டின் மூன்றாம் பதிப்பு, இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாற்றின் அறிகுறிகளுள் சேர்த்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு முதன்மை அறிகுறிகளிலிருந்து நீக்கியது. மருத்துவ வகைப்பாடு மாறினும் மனிதரின் துயர் மாறுவதில்லை. எனவே இதனை நோயாக மட்டும் காணாமல், மீண்டவரைச் சமூகம் எதிர்கொள்ளும் முறையோடு இணைத்துக் காண்பது தேவையாகிறது.

சங்க மரபில் மீண்டவர்

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைக் கூறுகிறது. இவை மடிந்தவர்க்கு உரியவை. மடிந்தவரை எண்ணி எஞ்சியோர் புலம்புவதற்குக் கையறுநிலை என்னும் தனித்துறையையும் அது வகுக்கிறது. வெண்ணிப் போரில் புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனின் செய்தி கேட்ட சான்றோர், அவனோடு செல்ல விரும்பி உயிர்நீத்ததை மாமூலனார் அகநானூற்றில் (55) குறிப்பிடுகிறார். தலைவனுக்குப் பின் வாழ்வதே அவர்களுக்குப் பொருந்தாததாகத் தோன்றியது.

இதனினும் நுட்பமான சான்று பொத்தியாருடையது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், மகன் பிறந்தபின் வருமாறு கூறி அவரைத் திருப்பி அனுப்பினான். உறையூர் திரும்பிய அவர் வெறுமையான மன்றத்தைக் கண்டு புலம்பியதைப் புறநானூறு (220) காட்டுகிறது. பின்னர் நடுகல்லின் முன் நின்று தமக்குரிய இடம் எது எனக் கேட்கிறார் (222). பொத்தியார் படைவீரர் அல்லர், புலவர். ஆயினும் நண்பனின் சொல்லால் உயிரோடு எஞ்சியவர் ‘என் இடம் எது’ எனக் கேட்பது இவ்வுணர்வின் மையத்தைத் தொடுகிறது. அவர் கேட்பதற்கு ஒரு கல் இருந்தது. அவர் கேள்விக்கு ஒரு பாடல்துறையும் இருந்தது என்பதே இங்கு முதன்மையானது.

கல் இல்லாத திரும்புதல்

போரிலோ பூசலிலோ மடிந்தவரைப் ‘பட்டவன்’ என வழிபடும் வழக்கம் தென்மாவட்டங்களில் நிலவுகிறது. ஆனால் தற்காலப் படைவீரன் மடிந்த களம் ஊருக்கு வெகுதொலைவில் உள்ளது. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தையடுத்து இலங்கை சென்ற இந்திய அமைதிப் படை, அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் போரில் இறங்கியது. பல்கலைக்கழக வளாகத்தில் தரையிறங்கிய சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவின் 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிரோடு பிடிபட்டார். 1990 மார்ச்சில் படை முழுதும் திரும்பியபோது, 1,100க்கும் மேற்பட்டோரை அது இழந்திருந்தது. சென்னையில் நடந்த வரவேற்பில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. ஈழத்தமிழர் பட்ட துன்பத்தை முன்னிட்டு எழுந்த அம்மறுப்புக்கு அரசியல் நியாயம் இருந்தது. எனினும் மீண்ட வீரருக்கு அது, தோழரை நினைந்து அழவும் அவையில்லாத நிலையை உண்டாக்கியது. நினைவுச் சின்னமோ ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், கடலுக்கு அப்பால் எழுந்தது.

தமிழ் வீரருக்கு இச்சுமை இரட்டையானது. எதிரில் நின்றவரும் அவர் மொழியையே பேசினர். ஆகவே தோழர் இறக்கத் தாம் பிழைத்த குற்றவுணர்வும், தாம் பங்கேற்ற செயல் குறித்த அறக்காயமும் அவரிடம் கலந்திருக்கக்கூடும். ஜோனதன் ஷே 1994இல் வியட்நாம் வீரர்களைக் கொண்டு விளக்கிய அறக்காயம், பிழைத்ததால் எழும் குற்றவுணர்விலிருந்து வேறானது. இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் யாழ்ப்பாணத்துக் குடிமக்களின் இழப்பு மறைந்துவிடும். ஒன்றை மட்டும் கொண்டால் வீரரின் துயர் மறைந்துவிடும்.

முடிவுரை

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகப் பதிவேடுகள் பணிக்காலத்தையும் ஓய்வூதியத்தையும் கூறும். இழந்த தோழரின் பெயரைக் கூறா. 1987இல் இருபது வயதில் சென்றவர் இன்று அறுபதை ஒட்டியவர். காரியாபட்டி வட்டாரத்தில் வாய்மொழி வரலாறு தொகுக்க முனைவோர், ‘நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்பதற்கு முன் ‘உங்களோடு இருந்தவர் யார்’ எனக் கேட்பது பயன் தரும். முதல் வினா வீரக்கதையையோ தற்காப்பையோ வரவழைக்கும். இரண்டாவது, கையறுநிலைக்கு வழிவிடும். பொத்தியாருக்குக் கல் ஆற்றிய பணியை இவர்களுக்கு ஆற்ற வரலாற்றாய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.