பனித்தளத்தில் அவையச்சம்

அவையஞ்சாமை என்று தனியோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அவர் கருதியது கற்றோர் கூடிய அவை. அங்கே நாக்குழறினால் நகைப்புக்கு இடமாகும். ஆயினும் நின்ற தரை வழுக்கிவிடாது. தரையே வழுக்கும் ஓர் அவையும் உலகில் உண்டு. பனிக்கட்டியைக் குளிர்பானக் குவளையில் மட்டும் கண்டு பழகியவர்க்கு அது விந்தையாகத் தோன்றலாம். ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகலமுள்ள உருக்கலகு ஒன்றின்மேல் உடலின் பாரமனைத்தையும் நிறுத்தி, இசைக்கு இயைய ஓடியும் சுழன்றும் தாவியும் ஆடும் பனிச்சறுக்கு நடனம் அது. அதில் வல்லவர்கள் பலர், பயிற்சியின்போது நூறுமுறை பிழையறச் செய்ததைப் போட்டி நாளில் ஒருமுறை செய்ய மாட்டாது வீழ்ந்திருக்கின்றனர். அவ்வச்சத்தோடு அவர்கள் நடத்திய போராட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

போட்டியின் நடைமுறையே பதற்றத்தை வளர்ப்பதற்கென்று அமைத்ததுபோல் இருக்கும். ஆறு பேர் வரை கொண்ட குழு ஒன்று தளத்தில் இறங்கி 6 நிமிட நேரம் ஒன்றாகப் பயிற்சி செய்யும். பின்னர் முதலாமவர் மட்டும் தளத்தில் நிற்க, ஏனையோர் உள்ளே செல்வர். கடைசியாக ஆடவேண்டியவர் அரைமணிக்கும் மேலாகக் காத்திருத்தல் வேண்டும். சூடேறிய உடல் குளிரத் தொடங்கும். சப்பாத்து வாரைத் தளர்த்துவார், மீண்டும் இறுக்குவார். சுவருக்கு அப்பால் எழும் கரவொலி, முன்னே ஆடியவர் எப்படி ஆடினார் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடும். அதைக் கேளாதிருக்கச் செவிகளை அடைத்துக்கொள்வாரும் உளர்.

அச்சம் ஏன் இவ்வாட்டத்தை இவ்வளவு எளிதிற் கெடுக்கின்றது? பந்தயத்தில் ஓடுபவனுக்கு நெஞ்சு படபடப்பது ஓரளவு துணையாகவும் அமையும். சறுக்குபவருக்கோ நிலைமை வேறு. தாவி எழுந்து மும்முறையோ நான்முறையோ சுழன்று இறங்குவதற்குள்ள காலம் ஒரு விநாடியிலும் குறைவு. எழும் கணத்தில் தோள் சற்றே இறுகினாலும் சுழற்சியின் அச்சு சாயும். அன்றியும், உடல் தானாகக் கற்றுவைத்த ஒன்றை மனம் குறுக்கிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினால் அது தடுமாறும். நாதசுரக்காரர் தம் விரல்களை எண்ணத் தலைப்பட்டால் இராகம் என்னாகும்?

1924 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் சமொனி நகரில் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில் நோர்வேயிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி ஆடினாள். வயது பதினொன்று. பெயர் சொன்யா ஹெனி. ஆடும்போதே இடையில் தளத்தின் ஓரத்துக்குச் சென்று, அடுத்து என்ன செய்வது என்று தன் பயிற்றுநரைக் கேட்டாள் என்பர். எண்மருள் எட்டாவதாக வந்தாள். அதே ஹெனிதான் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்.

அக்காலப் போட்டிக்கும் இக்காலப் போட்டிக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. 'பிகர் ஸ்கேற்றிங்' என்னும் ஆங்கிலப் பெயருக்குக் காரணமான உருவம் வரைதல் அப்போது போட்டியின் முதுகெலும்பாய் இருந்தது. சறுக்குபவர் ஒற்றைக் காலில் நின்று பனியின்மேல் எட்டின் வடிவத்தையும் அதன் பல திரிபுகளையும் கீறுவார். சென்ற தடத்தின்மேலேயே மீண்டும் மீண்டும் செல்வார். நடுவர்கள் குனிந்து நின்று கோட்டினைச் சோதிப்பர். இசை இல்லை, பார்வையாளரும் மிகச் சிலர். 1960களின் பிற்பகுதி வரை மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு 60 இதற்கே உரியதாயிருந்தது.

இவ்வரைவுகள் சலிப்பூட்டுவன என்று பலர் பழித்தனர். அப்பழியில் நியாயம் உண்டு. ஆனால் அவை மனத்துக்குச் செய்த தொண்டினை எண்ணியவர் சிலரே. நடுங்கும் கையின் எழுத்தைப்போல நடுங்கும் காலின் கோடும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்; ஆதலின் ஆரவாரம் தொடங்குமுன்னரே, மணிக்கணக்கான நிசப்தத்தில், வீரர் தம் நடுக்கத்தோடு பழகிக்கொள்ள நேர்ந்தது. வரைவில் நன்கு முன்னேறியவர்க்கு ஆட்ட நாளில் ஒரு தாங்கலும் இருந்தது. 1948 இல் சுவிற்சர்லாந்தின் சென் மோறிற்சு நகரில் அமெரிக்க இளைஞர் டிக் பற்றன், போட்டியில் அதுவரை எவரும் செய்திராத இரட்டை அக்செல் என்னும் தாவலைச் செய்து தங்கம் பெற்றார். பயிற்சியில் அது அவருக்கு முதன்முறை கைகூடியது முந்திய நாளிலேதான். அந்தத் துணிவுக்கு அவரது இயல்பு ஒரு காரணம். வரைவுகளில் ஏற்கெனவே முன்னணியில் நின்றது மற்றொரு காரணம். 1972 இல் சப்போரோ நகரில் ஒஸ்திரியாவின் பெயற்றிக்ஸ் சூபா ஆட்டத்தில் ஏழாவதாக வந்தும் வரைவின் வலிமையாலே தங்கம் பெற்றார். அங்கே வெண்கலம் பெற்ற அமெரிக்கப் பெண் ஜனெற் லின், ஆட்டத்தின் நடுவே வீழ்ந்து, பனியில் அமர்ந்தபடியே புன்னகை செய்தார். அப்புன்னகைக்காக யப்பானியர் அவரை நெடுங்காலம் கொண்டாடினர்.

பின்னர் வரைவின் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1990 உடன் உலகப் போட்டிகளிலிருந்து முற்றாக நீங்கிற்று. தொலைக்காட்சிக்கு அது உகந்ததன்று. ஆட்டங்கள் இரண்டு மட்டும் எஞ்சின: ஒன்று குறும் ஆட்டம், மற்றொன்று நீள் ஆட்டம். இரண்டும் சேர்ந்து ஏழு நிமிடமளவே. பல்லாண்டு உழைப்பின் பயன் முழுவதும் அந்த ஏழு நிமிடத்துள் அடங்கிற்று. பதற்றத்தை ஆற்றுதல் ஒரு தனிக்கலையாக வளர்ந்ததற்கு இதுவும் காரணம் எனலாம்.

அக்கலையின் வளர்ச்சியைக் கனடாவைச் சேர்ந்த பிரையன் ஓர்சர் என்பவரின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். 1988 இல் ஒலிம்பிக் அவர் நாட்டிலேயே கல்கரி நகரில் நடந்தது. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கை நடத்திய கனடா அப்போது ஒரு தங்கமேனும் பெற்றிலது. இம்முறையும் அந்நிலை நேராதிருக்க நாடே ஓர்சரை நோக்கிற்று. முந்திய ஆண்டின் உலக வெற்றியாளரும் தொடக்க விழாவில் நாட்டின் கொடியைத் தாங்கி வந்தவரும் அவரே. அமெரிக்கரான பிரையன் பொயிற்றானோ அவருக்கு முன்னே ஆடி, குறைகாண அரிய ஆட்டமொன்றை ஆடி முடித்தார். ஓர்சர் பின்னர் இறங்கினார். ஒரு தாவலில் தரையிறக்கம் சற்றுப் பிசகியது. இறுதியில் மும்முறை சுழல வேண்டிய அக்செல் இரண்டுமுறையோடு நின்றது. ஒன்பது நடுவருள் ஐவர் பொயிற்றானோவையும் நால்வர் ஓர்சரையும் தேர்ந்தனர். ஒரு நடுவரின் மனம் மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும்.

பட்டம் பெற்றவருக்குப் பதற்றம் குறையும் என்றே பலரும் எண்ணுவர். 1993 இல் வெளியான ஆய்வொன்று அதற்கு மாறாக அமைந்தது. டானியல் கூல்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் 17 அமெரிக்கத் தேசியச் சறுக்கு வெற்றியாளரை வினவினர். அவர்களுட் பெரும்பாலோர், பட்டத்தை வென்ற பின்னரே நெருக்கடி மிகுந்தது என்றனர். ஏறுவதற்கு முன் இல்லாத அச்சம் உச்சிக்கொப்பில் இருந்து கீழே பார்க்கும்போது பிறக்கின்றது போலும்.

ஓர்சர் பின்னாளிலே ரொறன்ரோவில் பயிற்றுநரானார். தென் கொரியாவிலிருந்து கிம் யூனா என்னும் இளம்பெண் அவரிடம் வந்தார். கொரியப் பத்திரிகைகளின் ஓயாத நோக்கிலிருந்து விலகியிருப்பதற்கும் ரொறன்ரோ உதவிற்று. 2010 இல் போட்டி மீண்டும் கனடாவில், வன்கூவர் நகரில். குறும் ஆட்டத்தில் கிம்முக்குச் சற்று முன்னர் ஆடியவர் அவருடைய பெரும்போட்டியாளரான யப்பானிய வீராங்கனை மாவோ அசாடா. 73.78 புள்ளி என்ற அறிவிப்பும் அரங்கின் ஆரவாரமும் கிம்மின் காதில் விழவே செய்தன. 22 ஆண்டுகளுக்கு முன் தாம் நின்ற அதே நிலையில் தம் மாணவி நிற்பதைத் தளத்தின் விளிம்பிலிருந்து ஓர்சர் பார்த்துக்கொண்டு நின்றார். கிம் பெற்றது 78.50. இரண்டு நாட்களின் பின் நீள் ஆட்டத்திலும் முந்தி, மொத்தம் 228.56 என்னும் அந்நாள் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். ஆடி முடித்த கணத்திலே அவர் கண்ணீர் விட்டார். அதுவரை எவ்வளவைத் தாங்கியிருந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதே போட்டியில், இரண்டே நாட்களுக்கு முன் வன்கூவரில் தாயை இழந்த கனடிய வீராங்கனை ஜொவானி ரொஷெற் தளத்தில் இறங்கி, வெண்கலமும் பெற்றார்.

வெள்ளியோடு திரும்பிய அசாடா நான்கு ஆண்டுகளின் பின் ரஷ்யாவின் சோச்சி நகருக்கு வந்தார். இடையிலே 2011 டிசெம்பரில் அவருடைய தாயார் காலமானார். 2014 பெப்ரவரி 19 ஆம் நாள் குறும் ஆட்டம். தொடக்கத்திலேயே மும்முறை அக்செலில் வீழ்ந்தார். பின் வந்த தாவல்களும் குலைந்தன. கிடைத்தது 55.51, இடம் பதினாறு. பதக்கம் அத்தோடு போயிற்று. அவர் நாட்டின் முன்னாட் பிரதமரான யோஷிரோ மோரி, முக்கியமான வேளையிலெல்லாம் விழுந்துவிடுகிறவர் இவர் என்னும் பொருள்பட மேடையிற் பேசி, பலரது கண்டனத்துக்கு ஆளானார். முதியவர் ஒருவர் அவ்வேளையிற் சொல்லத்தக்க சொல் அன்று.

நீள் ஆட்டம் மறுநாளே நடந்தது. முன்னணியில் நின்றோர் ஆடுவதற்கு வெகுநேரம் முன்னரே அசாடாவின் முறை வந்துவிட்டது. ரக்மனினோவின் இரண்டாவது பியானோ இசைக்கோவை ஒலித்தது. முதலாவதாகச் செய்ய வேண்டியிருந்தது முதல் நாள் அவரை வீழ்த்திய அதே அக்செல். அதை விலக்கி எளிய தாவலொன்றைச் செய்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவர் அதையே செய்தார், நின்றார். தொடர்ந்து மும்முறைச் சுழற்சித் தாவல்கள் ஒவ்வொன்றாக வந்தன, எட்டு வரை. ஒன்றிலும் வீழவில்லை. இசை நின்றதும் மேல்நோக்கிய முகத்தில் கண்ணீர் பெருகிற்று. அடுத்து ஒரு புன்னகை. 142.71 என்பது நீள் ஆட்டத்தில் அவர் அதுவரை பெற்ற புள்ளிகளில் அதிகமானது. பதினாறாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு உயர்ந்தார். பதக்கம் இல்லை. ஆயினும் அவரது பெயரைச் சொல்லும்போது யப்பானியர் பலருக்கு வன்கூவரின் வெள்ளியிலும் பார்க்கச் சோச்சியின் அந்த நான்கு நிமிடமே முதலில் நினைவுக்கு வருகின்றது.

இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்தபின் உடல் விடுதலை பெறுவது அசாடாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018 இல் கொரியாவின் பியொங்சாங்கில் அமெரிக்கர் நேதன் சென் குறும் ஆட்டத்திற் குலைந்து 17 ஆம் இடத்துக்கு இறங்கினார். மறுநாள் நான்முறைச் சுழற்சித் தாவல்கள் ஆறினை முயன்று, 215.08 என்னும் புள்ளியோடு அன்றைய ஆட்டத்தில் முதல்வராகி, மொத்தத்தில் ஐந்தாவதாக முடித்தார். தோற்ற பின்னர் வரும் அந்தத் தெளிவை, தோற்காமலே முன்கூட்டிப் பெறுவது எப்படி என்பதே அடுத்த நான்காண்டுகளும் அவர்முன் நின்ற கேள்வி. மனப்பயிற்சி வல்லுநரின் துணையை நாடினார். 2022 இல் பீஜிங் நகருக்குச் சென்றபோது சறுக்குச் சப்பாத்துகளோடு தம் கித்தாரையும் எடுத்துச் சென்றார். ஓய்வு வேளைகளில் அதை மீட்டினார். பெப்ரவரி 8 ஆம் நாள் குறும் ஆட்டத்தில் அவர் பெற்ற 113.97, அதுவரை உலகில் எவரும் பெறாத புள்ளி. இரண்டு நாட்களின் பின் தங்கமும் அவருடையதாயிற்று. ஆனால் பார்த்தவர் மறவாதது குறும் ஆட்டத்தின் முடிவு: எப்போதும் உணர்ச்சியை அடக்கி நிற்கும் அவர், இசை நின்ற கணத்தில் முட்டியை மடக்கிக் காற்றில் ஓங்கிக் குத்தினார்.