பொருநைக் கரையும் பழம்பொருள் வேலியும்

பொதியமலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கும் பொருநைப் பேராறு, தன் இரு மருங்கும் திருக்கோயில்களை அணியாகப் பூண்ட ஆறாகும். நவதிருப்பதிகளும் நவகைலாயங்களும் அதன் பெருமையைப் பறைசாற்றுவன. ஆயினும், இன்று காணும் கற்றளிகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்பே அதன் தென்கரையில் மக்கள் அஞ்சியும் அன்பு கொண்டும் காத்த நிலம் ஒன்று இருந்தது. திருவைகுண்டத்திற்கு அண்மையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பே அது.

ஏறத்தாழ 114 ஏக்கர் பரப்புள்ள இச்சரளை மேடு, நெல் விளைதற்கு ஏற்ற நிலமன்று. பண்டை மக்கள் நீர் பாயும் வயலை வாழ்வோர்க்கும், நீர் ஏறாத மேட்டை மறைந்தோர்க்கும் உரியனவாக்கினர் போலும். இறந்தார் எலும்புகளைப் பெருந்தாழிகளில் இட்டு, அவற்றொடு இரும்பு வேலும் வாளும், வெண்கலக் கலன்களும், நெல்லும் வைத்துப் புதைத்தனர். ஆகவே, ஆற்றங்கரையில் ஒரு பகுதியை அன்றாட வாழ்வினின்றும் பிரித்து வைத்தவர், பிற்காலத்து அரசு அலுவலருக்கு முன்னரே, அவ்வூர்களின் மூதாதையரே ஆவர்.

1876-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் இங்கு வந்து தோண்டினார்; கிடைத்த பொருள்களைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தார். அவர் கண்டெடுத்த பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றுள் பொன்னாலாகிய பட்டங்களும், வெண்கலச் சேவலும், இரும்பு வேல்களும் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. பொற்பட்டங்களைக் காவடி எடுப்போர் அணியும் வாய்ப்பூட்டோடும், வேலையும் சேவலையும் முருக வழிபாட்டோடும் ஒப்பிட்ட அறிஞர் உளர். அப்பட்டங்கள் நெற்றியில் கட்டப்பெற்றவை என்று கருதுவாரும் உளர். முடிபு எதுவாயினும், பொருநை கடலை அடையும் இடத்திற்குத் தென்பால் செந்திலம்பதி விளங்குவதை எண்ணுங்கால் அடியார் உள்ளம் சிலிர்க்கும்.

இத்தகைய நிலத்தில் சரளைக்காக மண் வெட்டியபோது உடைந்து அழிந்த தாழிகள் பல. மண்ணோடு மண்ணாகப் போனதை மீட்க எவராலும் இயலாது. இந்நாட்டுத் தொல்பொருள்களைக் காக்க 1904-ஆம் ஆண்டிலும் 1958-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டமைக்கு இவை போன்ற இழப்புகளே காரணம். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காக்கப்பெற்ற இடத்தின் எல்லையினின்றும் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும்.

இதனால் கரையோரத்து எளிய மக்கள் படும் இடர் சிறிதன்று. மகனுக்கு மணம் முடித்து ஓர் அறை கூட்ட விழைபவனுக்கும், ஆட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கு வழியே ஆற்றுக்குச் செல்பவனுக்கும், முன்னோர் பெருமை ஒரு முள்வேலியாகவே காட்சி தருதல் கூடும். சட்டம் இரக்கமற்றதன்று. காக்கப்பெற்ற பரப்பிலும் ஓரடி ஆழத்திற்கு மேல் தோண்டாத உழவை அது தடுப்பதில்லை. காக்கப்பெற்ற சின்னங்களை விதிகளுக்குட்பட்டுக் காணும் உரிமையையும் பொதுமக்களுக்கு வழங்குகிறது. எழுத்தில் உள்ள இவ்விரக்கம் நடைமுறையிலும் விளங்குதல் வேண்டும்.

குடமுழுக்குக் காண்போர்க்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். திருப்பணி தொடங்குங்கால் மூலத்தானத்துக் கதவு அடைக்கப்பெறுகிறது. அதனால் அடியார் வருந்துவதில்லை. பாலாலயத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து, வழிபாடு இடையறாது நிகழ வழி செய்யப்பெறுகிறது. திருப்பணி நிறைவுற்றதும் கதவு திறக்கப்பெறுகிறது. அடைப்புக்கு ஒரு காரணமும், இடைக்காலத்திற்கு ஒரு மாற்றும், திறப்பதற்கு ஒரு நாளும் உண்டு. இம்மூன்றும் இருப்பின் எந்த வேலியும் மக்களுக்குப் பகையாகாது. இவற்றுள் ஒன்று குறையினும் அவ்வேலி மனத்தாங்கலையே வளர்க்கும்.

2004, 2005-ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்வு நிகழ்ந்தது. 2020-ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவு செலவுத் திட்டத்தில், சிறப்புறப் பேணப்படும் ஐந்து தொல்லிடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பெற்றது. 2023-ஆம் ஆண்டில், அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகள் கிடந்த இடத்திலேயே அவற்றை மக்கள் காண வழி செய்யப்பெற்றது. திரை விலகித் தீபம் காட்டும் காட்சிக்கு இது நிகராகும்.

இனி வேண்டுவது ஒன்றே. பரம்பைக் காக்கும் வேலி, ஆற்றுக்குச் செல்லும் வழியை மறித்தல் ஆகாது. முன்னோர் துயிலும் மேடு கலையாமலும், அவர் வழிவந்தோர் நீராடும் துறை அடைபடாமலும் இருத்தலே அறம். கரையில் வாழ்வோரைத் துணையாகக் கொண்டாலன்றி எவ்வேலியும் நெடுநாள் நில்லாது. வற்றாத பொருநை போல் இவ்விரு கடமைகளும் வழுவாது நிறைவேற எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.