முதலில் பீடம், பிறகு மதில், பிறகு மக்கள்

நம்மவர் இருவர் புதிதாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னரே எழுகின்ற வினா, "எந்த ஊர்?" என்பதாகும். முப்பது ஆண்டுகளாகத் தலைநகரில் குடியிருப்பவரும், கடல் கடந்து சென்று வேற்று நாட்டின் குடியுரிமை பெற்றவரும் இவ்வினாவுக்குத் தம் முகவரியை விடையாகத் தருவதில்லை. தாம் ஞானஸ்நானம் பெற்ற கோவில் நிற்கின்ற ஊரின் பெயரையே சொல்லுகின்றனர். தம் பெற்றோரும் அவர்தம் பெற்றோரும் துயில்கின்ற சேமக்காலை எங்கே உண்டோ, அங்கேதான் தம் ஊரும் உண்டு என்பது அவர்களது உள்ளக்கிடக்கை.

ஊர்ப்பற்று நம் இயல்பிலேயே ஊறிய ஒன்று. ஆயினும் பற்று வேறு, திரும்புதல் வேறு. முன்னது நெஞ்சில் தானாகவே சுரப்பது. அதற்கு நாம் யாதொரு விலையும் கொடுப்பதில்லை. பின்னதோ பெருவிலை கேட்பது. ஊரை விட்டுப் பெயர்ந்த மக்கள் வரலாற்றில் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு திரும்பினர், திரும்ப இயலாதவர்கள் என் செய்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால், நமது ஊர்ப்பற்று எத்தன்மையது என்பதும் நமக்கே விளங்கும்.

இவ்வினாவை முதன்முதலில் ஆழமாக எதிர்கொண்டவர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதர்கள். கி.மு. 587 இல் எருசலேம் வீழ்ந்தது, கோவில் தீக்கிரையாயிற்று, மக்கள் சிறைப்பட்டு அந்நிய மண்ணுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களது துயரத்தைத் திருப்பாடல் 137 சொல்லுகின்றது. ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்களின் பாடல் அது. எருசலேமை மறப்பதைவிடத் தன் வலக்கை செயலற்றுப் போவதே மேல் என்று எண்ணுகின்ற உள்ளத்தின் குரலை அதில் நாம் கேட்கின்றோம்.

அதே விவிலியத்தில் வேறொரு குரலும் உண்டு. எருசலேம் வீழ்வதற்கு முன்னரே, கி.மு. 597 இல், ஒரு கூட்டத்தார் சிறைப்பட்டுச் சென்றிருந்தனர். விரைவில் திரும்பிவிடலாம் என்று நம்பியிருந்த அவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா ஒரு மடல் விடுத்தார். அந்நூலின் 29 ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். சென்ற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், மணம் முடித்து மக்களைப் பெறுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பது அம்மடலின் சாரம். எழுபது ஆண்டுகள் சென்ற பின்னரே மீட்சி வரும் என்றும் அவர் அறிவித்தார். அழுகின்ற நெஞ்சும் வேண்டும், வீடு கட்டுகின்ற கையும் வேண்டும் என்று இவ்விரு குரல்களும் சேர்ந்து சொல்வதாக நாம் கொள்ளலாம். ஊரை மறவாதிருப்பதற்காக வாழ்வை நிறுத்திவைக்கத் தேவையில்லை. வாழ்வதற்காக ஊரை மறக்கவும் தேவையில்லை.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி நாம் பாபிலோன் வரை செல்ல வேண்டுவதில்லை. ஈழத்தின் வடமேற்குக் கரையில் மாந்தை உண்டு. 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருக்கள் நாட்டை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவதும் பெருங்குற்றமாயிற்று. அக்காலத்தில், 1670 ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோவிலிலிருந்த அன்னையின் திருச்சுருவத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள் புகுந்து மருதமடுவில் தங்கின என்பது வழிவழி வந்த வரலாறு. அவர்கள் விட்டுச் சென்றவை வீடும் நிலமும்; உடன் கொண்டு சென்றது திருச்சுருவம். ஊரின் உயிர் எதில் இருக்கின்றது என்று அம்மக்கள் கருதினர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அத்திருச்சுருவம் மாந்தைக்குத் திரும்பவில்லை. 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த புனித யோசேப் வாஸ், மேய்ப்பனில்லாதிருந்த மந்தைக்கு மறைவாகப் பணி செய்து விசுவாசத்தை உயிர்ப்பித்தார். காலம் மாறியது, தடை நீங்கியது. 1872 இல் ஆயர் பொஞ்சான் மடுவில் புதிய கோவிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2 ஆம் நாள் அன்னையின் திருச்சுருவத்துக்கு முடி சூட்டப்பட்டது. ஒளிந்து வாழ்வதற்கென்று தேர்ந்த காடு, தமிழரும் சிங்களவரும் ஒருங்கே நாடி வரும் திருத்தலமாயிற்று. புகலிடமே ஊராக மலர்ந்தது. எரேமியாவின் மடல் மடுவின் மண்ணில் நிறைவேறியது என்று சொன்னால் அது மிகையாகாது.

புகலிடத்துக்கும் துன்பம் வந்தது. 1990 முதல் உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் மடுவின் வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கே விழுந்த எறிகணைகளால் அடைக்கலம் தேடி வந்தவருள் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் போர் மீண்டும் நெருங்கியபோது, குருக்கள் திருச்சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாந்தை மக்கள் செய்ததை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இம்முறை அன்னை அதே ஆண்டு ஆகஸ்டில் தம் மடுவுக்கே திரும்பினார்.

மடுவின் கதை, சென்ற இடத்தையே ஊராக்கிக்கொண்டவர்களின் கதை. விட்டு வந்த ஊருக்கே திரும்புவோம் என்று நின்றவர்களின் கதையையும் நாம் அறிதல் வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பகுதியைச் சேர்ந்தது இரணைதீவு. பெயருக்கேற்ப அது இரட்டைத் தீவு. அங்கு வாழ்ந்தவர்கள் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர்கள். மீனும் நண்டும் கடலட்டையும் தந்த கடல், தென்னை, கால்நடை, கோவில் எனத் தன்னிறைவோடு வாழ்ந்த அம்மக்கள், போரினால் 1992 இல் தீவை விட்டு வெளியேறினர். பெருநிலப்பரப்பின் கரையில் அவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்பு இரணைமாதாநகர் எனப்பட்டது. விட்டு வந்த தீவின் பெயரையும் அன்னையின் பெயரையும் ஒன்றாக்கிப் புதிய இடத்துக்குச் சூட்டிக்கொண்ட அவர்களது உள்ளத்தை நாம் எளிதில் உணரலாம்.

2009 இல் போர் முடிந்தது. ஆயினும் தீவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கே கடற்படை நிலைகொண்டிருந்தது. விண்ணப்பங்கள் எழுதியும் பயனில்லாத நிலையில், 2017 மே முதல் நாளில் அவர்கள் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். பெண்கள் அதில் முன்னின்றனர். ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்களே எஞ்சியிருக்கையில், 2018 ஏப்ரல் 23 ஆம் நாள், ஏறத்தாழ நாற்பது படகுகளில் வெள்ளைக்கொடி ஏந்தி அவர்கள் தம் தீவை நோக்கிப் புறப்பட்டனர். எவர் உத்தரவுக்கும் காத்திராமல் கரையேறினர். கரையேறியவர்கள் முதலில் நாடியது தங்கள் கோவிலையே. அவரவர் வீட்டின் நிலை என்ன, தென்னைகள் நிற்கின்றனவா என்று பார்ப்பது அதன் பின்னரே நிகழ்ந்தது. அடுத்து வந்த நாள்களில் அரசும் அவர்கள் அங்கே வாழ்வதற்கு இசைந்தது.

மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்தையும் இவ்விடத்தில் குறிப்பிடல் வேண்டும். 2007 செப்டம்பரில் வெளியேறிய அவ்வூர்க் கத்தோலிக்க மக்கள், போர் முடிந்து வந்தபோது தம் ஊர் கடற்படைத் தளமாகியிருக்கக் கண்டனர். கோவிலுக்கு வந்து திருப்பலி காண்பதற்கு அவர்களுக்கு இசைவு கிடைத்தது. வீட்டுக்குச் செல்லக் கிடைக்கவில்லை. பிறந்த ஊருக்கு விருந்தினராக வந்து, பூசை முடிந்ததும் வெளியேறிய ஆண்டுகள் அவை. எனினும் அக்கோவிலில் அவர்கள் கூடிய ஒவ்வொரு முறையும், இவ்வூருக்கு உரியவர்கள் உண்டு என்பதற்குச் சான்றாயிற்று. 2017 இல் அவர்கள் போராடிய பின்னர், நிலத்தின் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவிக்கப்பட்டது.

கோவிலுக்கு முதலிடம் தந்த இம்மக்கள், தாம் அறிந்தோ அறியாமலோ, விவிலியம் காட்டிய வழியிலேயே நடந்தனர். கி.மு. 538 இல் பாரசீக மன்னர் சைரசு இசைவு தந்ததும், யூதருள் ஒரு பகுதியினர் எருசலேம் திரும்பினர். சுற்றிலுமிருந்த மக்களுக்கு அஞ்சிய நிலையிலும் அவர்கள் முதலில் பலிபீடத்தை அதன் பழைய அடித்தளத்தின் மீதே எழுப்பினர் என்று எஸ்ரா நூல் உரைக்கின்றது. பின்னர் கோவிலுக்கு அடித்தளம் இட்டபோது, பழைய கோவிலைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர்; இளையோர் மகிழ்ந்து ஆர்ப்பரித்தனர். அழுகுரல் எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய இயலாதவாறு ஒலி எழுந்ததாம். நெடுநாள் கழித்து ஊர் திரும்பிய எவரும் இதனை விளக்கமின்றியே புரிந்துகொள்வர். முதியோர் காண்பது இழந்ததை. இளையோர் காண்பது கிடைத்ததை.

அத்துடன் கதை முடியவில்லை. பீடம் எழுந்தது, கி.மு. 515 இல் கோவிலும் நிறைவுற்றது. ஆனால் ஊர் எழவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் எருசலேமின் மதில் இடிந்தே கிடந்தது. அச்செய்தி, பாரசீக அரண்மனையில் மன்னருக்குப் பானம் பரிமாறும் உயர்பதவியில் இருந்த நெகேமியாவை எட்டியது. அவர் அமர்ந்து அழுதார், நோன்பிருந்து மன்றாடினார். அதன் பின் அவர் செய்ததே நாம் கருதத்தக்கது. மன்னரிடம் விடுப்புக் கேட்டார். எப்பொழுது திரும்பி வருவாய் என்று மன்னர் வினவ, அவர் ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னார். எருசலேம் சென்று, குருக்களும் பொற்கொல்லரும் வணிகரும் தத்தம் வீட்டுக்கு எதிரிலுள்ள பகுதியைக் கட்டுமாறு பணியைப் பகிர்ந்தளித்தார். மதில் ஐம்பத்திரண்டே நாள்களில் நிறைவுற்றது.

மதில் முடிந்த பின்னும் குறை ஒன்று இருந்தது. நகர் அகன்றது, குடியிருப்போரோ சிலர். எனவே பத்துப் பேரில் ஒருவர் எருசலேமில் குடியேற வேண்டும் என்று சீட்டுப் போட்டனர். தாமாகவே முன்வந்து குடியேறியவர்களை மக்கள் அனைவரும் வாழ்த்தினர் என்று நெகேமியா நூலின் 11 ஆம் அதிகாரம் கூறுகின்றது. எல்லாரும் திரும்ப வேண்டும் என்று எவரும் கட்டளையிடவில்லை. பாபிலோனிலேயே தங்கிவிட்ட யூதரும் பலர்; அவர்களது வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்து, மறைக்கல்வியில் சிறந்து விளங்கினர். அவர்களை விவிலியம் துரோகிகள் என்று பழிக்கவில்லை. ஆயினும் பத்தில் ஒருவராவது சென்று குடியேறாவிடில், பீடமும் மதிலும் இருந்தும் ஊர் இல்லை.

இரணைதீவு மக்களும் இதனை உணர நேர்ந்தது. திரும்பிய மகிழ்ச்சியின் ஊடே பள்ளிக்கூடம், மருத்துவம், குடிநீர், படகுப் போக்குவரத்து என்ற தேவைகள் ஒவ்வொன்றாக எதிர்ப்பட்டன. கால் நூற்றாண்டு கரையில் வாழ்ந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தீவு என்பது பெற்றோர் சொல்லக் கேட்ட கதை. அவர்களது படிப்பை முன்னிட்டுத் தீவிலும் கரையிலுமாக இரு வாழ்க்கை வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. திரும்புதல் என்பது ஒரு நாளில் கரையேறி முடிகின்ற செயல் அன்று. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு அது.

இனி நம்மை நோக்குவோம். போரினால் விரட்டப்பட்டவர் நம்முள் உண்டு. வேலைக்கும் படிப்புக்குமாக நாமே விரும்பிப் புறப்பட்டவர்களும் உண்டு. நம் ஊர்ப்பற்று பெரும்பாலும் ஆண்டுத் திருவிழாவோடு நின்றுவிடுகின்றது. கொடியேற்றத்துக்கு வருகின்றோம், தேர் இழுக்கின்றோம், கோபுரத்துக்கும் மணிக்கும் காணிக்கை தருகின்றோம், கல்வெட்டில் பெயர் பொறிக்கப்பட்டதும் வண்டியேறுகின்றோம். இதனைக் குறை என்று சொல்லத் துணியோம். பீடத்தைப் பேணுவது முதற்கடமைதான். ஆனால் புதுக்கோபுரம் வானளாவி நிற்க, ஞாயிறு திருப்பலியில் முதியோர் சிலரே அமர்ந்திருக்கும் ஊர்கள் பெருகி வருகின்றன. எருசலேமின் நிலையும் ஒரு காலத்தில் இதுவே.

எல்லாரும் மூட்டை கட்டித் திரும்புவோம் என்பது நடவாத காரியம். நெகேமியாவும் குறித்த காலத்துக்கே விடுப்புப் பெற்றுச் சென்றார். பின்னர் மன்னரிடம் திரும்பினார். மறுபடியும் எருசலேமுக்கு வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஊரில் தங்கி மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். மருத்துவராயிருப்பவர் ஆண்டில் ஒரு திங்களை ஊருக்கென்று ஒதுக்கலாம். கோபுரத்துக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கு தூர்ந்துபோன குளத்துக்கும் சென்று சேரலாம். அவரவர் வீட்டுக்கு எதிரிலுள்ள மதிலை அவரவர் கட்டினாலே போதும்.

எதுவுமே இயலாதவர்களுக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. நகரத்து வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும் இளைஞனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று நாம் எள்ளுகின்றோம். தாமாக முன்வந்து எருசலேமில் குடியேறியவர்களை அன்றைய மக்கள் வாழ்த்தி அனுப்பினர். அந்த வாழ்த்தையேனும் நம் ஊருக்குத் திரும்புகின்றவனுக்கு நாம் தருவோமாக.